ஐஎல்டி ஸ்லைடு பாக்கறது எப்படி: முதல்ல வரப்பு, அப்பறம் வாய்க்கால்

லங் பயாப்ஸி, அதாவது நுரையீரல்லேந்து வெட்டி எடுத்த துண்டு, ட்ரேல வந்து உக்காந்தாலே பேத்தாலஜில பாதி பிஜி பசங்களுக்கு அன்னிக்கு லீவு போடத் தோணும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கேன்சர்னா செல்லு இருக்கு இல்லன்னு ஒரு பதில் கிடைச்சுரும். இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ்ல, அதான் ஐஎல்டி, நுரையீரல் செவுரு தடிச்சுத் தழும்பாகற நோய்க் கூட்டம், அந்த மாதிரி ஒரு செல்லும் கிடையாது, எங்க பாத்தாலும் பிங்க்கா ஃபைப்ரோஸிஸ்னு தழும்பு, நடுநடுவுல நீலமா லிம்ஃபோசைட்டுன்னு வெள்ளை அணு, யூஐபியா (யூஷுவல் இன்டர்ஸ்டிஷியல் நிமோனியா), என்எஸ்ஐபியா (நான்ஸ்பெசிஃபிக் இன்டர்ஸ்டிஷியல் நிமோனியா), ஹெச்பியா (மூச்சுல போற தூசி ஒத்துக்காம வர்ற நோய்)ன்னு மூணும் ஒரே மூஞ்சியாத் தெரியும். புக்குல உள்ள ஃபோட்டோவப் பக்கத்துல வச்சுக்கிட்டு தேடினாலும் கிடைக்காது, ஏன்னா புக்குல ஒரே ஒரு ஃபீல்டத்தான் போட்டுருப்பான், நம்ம கையில இருக்கறது மூணு சென்டிமீட்டர் நுரையீரல்.

நான் தஞ்சாவூர் பக்கத்துக்காரி, வயக்காட்டுலயே வளந்தவ, அதனால எனக்கு இது எப்பப் புரிஞ்சுதுன்னா ஸ்லைட வயல் மாதிரி பாக்க ஆரம்பிச்சப்பதான். பிஜி பசங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுக்கறேன், சிரிப்பாங்க, ஆனா மறக்க மாட்டாங்க.

நுரையீரல் சின்னச் சின்ன லோப்யூலாப் பிரிஞ்சு கெடக்கு இல்லையா, ஒவ்வொண்ணும் 1 லேந்து 2.5 சென்டிமீட்டர், அதுல ஒண்ண ஒரு வயல்னு வச்சுக்கங்க. சுத்தி இருக்கற தடுப்பு செப்டமும், நுரையீரல் மேல போத்தின உறை ப்ளூராவும் வரப்பு. நடுவுல போற சின்ன மூச்சுக்குழாய் ப்ராங்கியோல்தான் வாய்க்கால், ஆர்ட்டரி எப்பவும் அது கூடவே ஜோடியாப் போகும். வெய்ன் மட்டும் நடுவுல வராது, வரப்போட ஒட்டித்தான் ஓடும். இத மட்டும் மனசுல வாங்கிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா ரத்தக் குழாய்க்குப் பக்கத்துல ஏர்வே இருக்கா இல்லையான்னு பாத்தே நீங்க வயல் நடுவுல நிக்கறீங்களா வரப்புல நிக்கறீங்களான்னு தெரிஞ்சுரும். நோய் என்னன்னு பாக்கறதுக்கு முன்னாடி நோய் எங்க இருக்குன்னு பாக்கணும், நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான், மிச்சமெல்லாம் விவரம்.

ஆனா ஸ்லைடுக்கு முன்னாடி பீஸு. ஒரு தடவை வெளியூர்லேந்து ஒரு வெட்ஜ் பயாப்ஸி, ஆப்ரேஷன்ல ஆப்பு மாதிரி வெட்டி எடுத்த துண்டு, வந்துச்சு, எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம், மொத்த பீஸையும் சலைன் பாட்டில்ல போட்டு டவுன் பஸ்ல ஒரு ஆள்கிட்ட குடுத்து விட்டுருந்தாங்க, சித்திரை வெயில், வந்து சேர சாயங்காலம் ஆயிருச்சு. கட் பண்ணிப் பாத்தா செல்லெல்லாம் கரைஞ்சு போயி நியூக்ளியஸ் இருந்த இடத்துல நிழல்தான் இருந்துச்சு. சலைன் தப்புன்னு சொல்ல வரல, டிபி கல்ச்சருக்கும் சிபிநாட்டுன்ற டிபி ஜீன் டெஸ்ட்டுக்கும் ஒரு சின்னத் துண்டு சலைன்லதான் போகணும், ஃபார்மலின்ல போட்டா கல்ச்சர் வளராது. ஆனா மிச்சம் பூரா உடனே 10 சதவீத ஃபார்மலினுக்குப் போயிரணும். சர்ஜன்கிட்ட முன்னாடியே ஃபோன் பண்ணிச் சொல்லிருங்க, வெட்கப்படாதீங்க.

வாட்ஸ், அதாவது நெஞ்சுல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற ஆப்ரேஷன்ல எடுத்த வெட்ஜ் வந்துச்சுன்னா ஸ்டேப்பிள் லைனக் கத்திரிச்சுட்டு, ஒரு சிரிஞ்சுல ஃபார்மலின் எடுத்து மெல்லிய நீடில்ல மெதுவா உள்ள ஏத்துங்க, பீஸு லேசா உப்பி வரும், அப்பறம் கட் பண்ணுங்க. இத யாரும் பண்றதில்ல, சோம்பேறித்தனம். பண்ணாட்டி என்ன ஆகும்னா ஆல்வியோலைன்ற காத்துப் பைங்க எல்லாம் சுருங்கி ஒண்ணு மேல ஒண்ணு படுத்துரும், செவுரு தடிச்ச மாதிரி தெரியும், நீங்களும் செல்லுலார் என்எஸ்ஐபின்னு (தழும்பு கம்மி, அழற்சி செல்லு நிறைய இருக்கற வகை) எழுதித் தள்ளிருவீங்க. அது நோய் இல்ல, காத்துப் போன பலூன்.

எங்கேந்து எடுத்ததுன்னும் கேளுங்க. ரெண்டு மூணு லோப்லேந்து (நுரையீரல் மடல்) எடுத்திருந்தா நல்லது. லிங்குலா (இடது மேல் லோப்போட நாக்கு) நுனி, மிடில் லோப் நுனியெல்லாம் நல்ல ஆளுக்கே தழும்பு இருக்கற இடம். முழுக்க ஹனிகோம்ப் ஆன, அதாவது தேன்கூடு மாதிரி ஓட்டையாப் போன எடத்துல எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல, எரிஞ்சு போன வீட்டுல எந்த அடுப்புலேந்து தீ வந்துச்சுன்னு தேடற கதைதான். மூச்சுக்குழாய் வழியா ஃபோர்செப்ஸ்ல எடுத்த ட்ரான்ஸ்ப்ராங்கியல் பீஸு 1, 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதுல சார்காய்டு, டிபி, கேன்சர் சொல்லலாம், அதிர்ஷ்டம் இருந்தா ஓபி (ஆர்கனைசிங் நிமோனியா) சொல்லலாம், யூஐபி சொல்றேன்னு இறங்காதீங்க. க்ரையோ பயாப்ஸி, உறைய வச்சுப் பிச்சு எடுக்கறது, கொஞ்சம் பெருசு, அரை சென்டிமீட்டர் சுமாருக்கு வரும், அனுபவம் உள்ள சென்டர்ல அது சர்ஜிக்கல் பயாப்ஸிக்குப் பதிலா ஒத்துக்கலாம்னு 2022 கைட்லைன்லயே சொல்லிட்டாங்க, ஆனா அதுல வரப்பு பல நேரம் இருக்காது, வாய்க்கால் ஓரம்தான் கிடைக்கும், அத ஞாபகம் வச்சுக்கங்க.

இப்ப ஸ்லைடு. மைக்ராஸ்கோப்ல வைக்காதீங்க, முதல்ல ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு வெறுங்கண்ணால பாருங்க. ஓரத்துல மட்டும் அடர்த்தியா இருக்கா, புள்ளி புள்ளியா இருக்கா, முழுசும் ஒரே வலை மாதிரி இருக்கா. அப்பறம் 2எக்ஸ் இருந்தா 2எக்ஸ், இல்லாட்டி 4எக்ஸ், அஞ்சு நிமிஷம் அதுலயே இருங்க. 40எக்ஸ திருப்பக் கை அரிக்கும், திருப்பாதீங்க. ஐஎல்டிய 40எக்ஸ்ல டயக்னோஸ் பண்றது கல்லணை மேல நின்னுக்கிட்டு ஒரு சொம்புத் தண்ணி மோந்து பாத்து இது வெண்ணாறா காவிரியான்னு சொல்ற மாதிரி.

யூஐபி, என்எஸ்ஐபி சண்டைக்கு வருவோம், எல்லாரும் மாட்டிக்கிற எடம் இதான். யூஐபின்னா வரப்போரம் நோய். ப்ளூராவுக்குக் கீழயும் செப்டத்த ஒட்டியும் அடர்த்தியாத் தழும்பு, நாலு ஃபீல்டு உள்ள தள்ளிப் போனா கிட்டத்தட்ட நார்மல் நுரையீரல். இது எடத்துல வர்ற வித்தியாசம். ரெண்டாவது காலத்துல வர்ற வித்தியாசம், அதத்தான் டெம்பரல் ஹெட்டிரோஜெனிட்டின்னு வாய் நிறைய சொல்றாங்க. ஐப்பசி மாசம் பஸ்ல போறப்ப பாத்திருப்பீங்க, ஒரு பக்கம் குறுவை அறுத்த தாளு காஞ்சு நிக்கும், பக்கத்துலயே சம்பா நாத்து பச்சைப் பசேல்னு இருக்கும், அதுக்கும் அடுத்தாப்புல ஒண்ணுமே போடாத தரிசு. யூஐபி ஸ்லைடு அதே காட்சி. பழைய செத்த கொலாஜன் ஒரு பக்கம், புதுசா முளைக்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் ஃபோகஸ் (தழும்பு போடற செல்லுங்களோட திட்டு) இன்னொரு பக்கம், தொடாத நுரையீரல் பக்கத்துலயே, எல்லாம் ஒரே 4எக்ஸ் ஃபீல்டுல. என்எஸ்ஐபின்னா ஒரே நாள்ல ஆளு வச்சு நடவு முடிச்ச வயல், எங்க பாத்தாலும் ஒரே உசரம், ஒரே பச்சை. செவுரெல்லாம் ஒரே அளவுக்குத் தடிச்சிருக்கும், ஆனா ஆல்வியோலைக் கட்டமைப்பு உடையாம இருக்கும், இது ஆல்வியோலை இது டக்ட்டுன்னு அடையாளம் சொல்ல முடியும்.

ஃபைப்ரோபிளாஸ்ட் ஃபோகஸ்ஸ எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேப்பீங்க. தண்ணி வடிஞ்ச அப்பறம் படித்துறை ஓரத்துல வண்டல் ஒதுங்கி நொளநொளன்னு இருக்கும்ல, கால வச்சா வழுக்கும், கீழ கெட்டிக் கல்லு. அதான். பழைய பிங்க் தழும்புக்கும் நல்ல நுரையீரலுக்கும் நடுவுல, எல்லைல, வெளிறின சாம்பல் நீலத்துல பிறை மாதிரி ஒரு திட்டு, அதுக்குள்ள நீட்டு நீட்டா ஸ்பிண்டில் செல்லுங்க செவுத்துக்கு இணையாப் படுத்திருக்கும், மேல எபிதீலியம்னு ஒரு செல்லு வரிசை போத்தியிருக்கும். கெட்டித் தழும்பா பிங்க்கா இருந்தா அது ஃபோகஸ் இல்ல. அங்கங்க ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுக் குதிக்கவும் குதிக்காதீங்க, ஹெச்பிலயும் வரும், ருமட்டாய்டு (மூட்டு வாத) லங்லயும் வரும், என்எஸ்ஐபிலயே எப்பவாவது ஒண்ணு ரெண்டு தலை காட்டும். வரப்போரத் தழும்பு, கட்டமைப்பு உடைஞ்சிருக்கறது, ஃபோகஸ், நடுநடுவுல நல்ல நுரையீரல், வேற நோயக் காட்டுற அடையாளம் எதுவும் இல்லாம இருக்கறது, இத்தனையும் ஒண்ணு சேந்தாத்தான் யூஐபி. கடைசி பாயிண்ட்டுதான் எல்லாரும் விடறது. க்ரானுலோமா (செல்லுங்க கூடி நிக்கிற உருண்டை) இல்ல, ஹையலின் மெம்ப்ரேன் (கீழ சொல்றேன்) இல்ல, ஏர்வே ஓரமா நோய் குவியல, லிம்ஃபோசைட்டு கொட்டிக் கெடக்கலன்னு தேடிப் பாத்து ரிப்போர்ட்டுல எழுதணும்.

ஹனிகோம்ப் பத்தி ஒரு வார்த்தை. குட்டிக் குட்டியாச் சிஸ்ட்டு, உள்பக்கம் ப்ராங்கியோலார் எபிதீலியம், அதுக்குள்ள சளியும் நியூட்ரோஃபில்னு வெள்ளை அணுவும், சுத்திலும் ஸ்மூத் மசில் தடிச்சுக் கெடக்கும். அந்த நியூட்ரோஃபில பாத்து நிமோனியான்னு எழுதினவங்க உண்டு. அது தேங்கின தண்ணில பாசி புடிக்கற மாதிரி, அவ்வளவுதான்.

ஒரு லோப்ல யூஐபி, இன்னொரு லோப்ல என்எஸ்ஐபி வந்தா என்ன பண்றது? யூஐபின்னு எடுத்துக்கணும், அந்தப் பேஷண்ட்டோட போக்கு யூஐபி மாதிரிதான் இருக்கும்.

இவ்வளவு மெனக்கெடறது எதுக்குன்னா, மருந்து மாறிப்போகும். 2012ல பேந்தர்னு ஒரு ட்ரயல் ரிசல்ட் வந்துச்சு, ஐபிஎஃப் (காரணமே தெரியாம வர்ற யூஐபி) பேஷண்ட்டுங்களுக்கு ப்ரெட்னிசோன், அசத்தியோப்ரின், என் அசிட்டைல் சிஸ்டீன்னு மூணையும் சேத்துக் குடுத்தப்ப சாவு கூடுச்சு, பாதியிலயே அந்தக் குழுவுக்குக் குடுக்கறத நிறுத்திட்டாங்க. அதுவரைக்கும் உலகம் பூரா குடுத்துக்கிட்டு இருந்த மருந்து அது. இப்ப அவங்களுக்கு நின்டெடானிப், பிர்ஃபெனிடோன்னு தழும்பு பரவறத மெதுவாக்கற ஆன்டிஃபைப்ரோடிக்கு இருக்கு, ரெண்டுக்கும் அமெரிக்கால அனுமதி 2014ல ஒரே மாசம் கிடைச்சுது. ஆனா செல்லுலார் என்எஸ்ஐபிக்கும் ஓபிக்கும் ஸ்டீராய்டு குடுத்தா நல்லாக் கேக்கும். நீங்க எழுதற ஒரு வரிய நம்பித்தான் அங்க சீட்டு எழுதறாங்க.

என்எஸ்ஐபின்ற பேரு 1994ல காட்சென்ஸ்டைனும் ஃபியோரெல்லியும் வச்சது, அப்ப எதுலயும் அடங்காததப் போட்டு வைக்கிற கூடை மாதிரிதான் இருந்துச்சு, பின்னாடிதான் அதுவே ஒரு தனி நோயாவும் இருக்கும்னு ஒத்துக்கிட்டாங்க. அதனால என்எஸ்ஐபி பேட்டர்ன்னு வந்தாலே கனெக்ட்டிவ் டிஷ்யூ நோயத் (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பத் தாக்கற வகை) தேடுங்க, ஸ்க்ளீரோடெர்மா, மயோசைட்டிஸ் ரெண்டும் முக்கியம். ஸ்லைடுலயே துப்பு இருக்கும், ஜெர்மினல் சென்டரோட லிம்ஃபாய்டு உருண்டை அங்கங்க, ப்ளாஸ்மா செல்லு நிறைய, ப்ளூரால அழற்சி. அந்த மூணும் இருந்தா ஆன்டிபாடி பேனல் பாத்துருங்கன்னு கமென்ட்ல எழுதிருங்க, சில பேருக்கு மூட்டு வலிக்கு முன்னாடியே நுரையீரல்ல ஆரம்பிச்சிருக்கும்.

அடுத்தது ஹெச்பி, ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். நம்ம ஊருக்கு இதுதான் பெரிய விஷயம், அதனால இங்க கொஞ்சம் நிப்போம்.

இந்தியா ஐஎல்டி ரெஜிஸ்ட்ரின்னு ஒண்ணு 2017ல வெளியாச்சு, 27 சென்டர், 1084 பேஷண்ட்டு, அதுல ஹெச்பிதான் முதல் இடம், 47 சதவீதம். ஐபிஎஃப் 14 சதவீதம்கூட வரல. மேல்நாட்டு புக்க மட்டும் படிச்சுட்டு வந்தவங்களுக்கு இது தலைகீழாத் தெரியும். அந்த ஹெச்பிக்காரங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏர்கூலர் பழக்கம் இருந்துச்சு. அந்த லிஸ்ட்டுல பயாப்ஸி பண்ணது ரொம்பக் கொஞ்சம்தான், சிடி ஸ்கேனும் கேள்வி கேட்டதும் வச்சுத்தான் பெரும்பாலும் முடிவு பண்ணாங்கன்றதையும் சேத்துப் புரிஞ்சுக்கணும்.

நம்ம டெல்டால கூலர் தவிர இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு கோபுரப் புறா, பழைய வீட்டு முத்தத்துலயும் மாடத்துலயும் அடையற புறா. இன்னொண்ணு வைக்கப்போர். குறுவை அறுக்கறதும் மழை புடிக்கறதும் ஒண்ணா வந்துரும், ஈர வைக்கோல அப்படியே போர் போட்டுருவாங்க. நாலு நாள் கழிச்சு அந்தப் போருக்குள்ள கைய விட்டுப் பாருங்க, சுடும். உள்ள 50, 60 டிகிரி வரைக்கும் ஏறும், அந்தச் சூட்டுலதான் தெர்மோஃபிலிக் ஆக்டினோமைசீட்டுங்க வளரும். மாட்டுக்குப் போடறேன்னு போரைப் பிடுங்கறப்ப வெள்ளையாப் பொடி பறக்கும்ல, அத மூச்சுல இழுத்தா வர்றதுதான் ஃபார்மர்ஸ் லங்.

ஹெச்பின்னா வாய்க்காலோர நோய். ப்ராங்கியோலும் ஆர்ட்டரியும் ஜோடியா இருக்கற எடத்தத் தேடிப் போங்க, அதச் சுத்திதான் லிம்ஃபோசைட்டு கூட்டம், வெளில போகப் போகக் குறையும். கூடவே அங்கங்க ஓபி திட்டு. அப்பறம் க்ரானுலோமா, ஆனா டிபி மாதிரி உருண்டையா கும்முனு இருக்கும்னு தேடினா கிடைக்காது. நாலஞ்சு ஹிஸ்டியோசைட்டு தளர்ந்து போயி கூடி நிக்கும், நடுவுல ஒரு ஜெயன்ட் செல்லு, சில நேரம் அது மட்டும் தனியா, அதுக்குள்ள ஊசி ஊசியா வெள்ளைப் பிளவு, அது கொலஸ்ட்ரால் கரைஞ்சு போன தடம். 10எக்ஸ்ல ஏர்வே ஓரமாவே ஊர்ந்து போயித் தேடணும். பழைய ஹெச்பி ஃபைப்ரோடிக் ஆயிருச்சுன்னா அந்தச் செல்லும் கிடைக்காமப் போகும், அப்ப ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, ப்ராங்கியோலோட எபிதீலியம் வாய்க்கால் தாண்டி பக்கத்து ஆல்வியோலை செவுத்துல ஏறிப் படந்திருக்கும், பெரிப்ராங்கியோலார் மெட்டாப்ளாசியா. ரெண்டு, வாய்க்கால்லேந்து வரப்பு வரைக்கும் தழும்பு பாலம் போட்டிருக்கும்.

இதுல நான் ஒரு தடவை விழுந்திருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசு, மன்னார்குடி பக்கத்து விவசாயி ஒருத்தரோட வெட்ஜ். ஹனிகோம்ப் இருக்கு, ஃபோகஸ் இருக்கு, ப்ளூரா ஓரம் தழும்பு இருக்கு, பத்து நிமிஷத்துல யூஐபின்னு கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். மீட்டிங்ல ரேடியாலஜிஸ்ட் சிடியப் போட்டு, மேடம் நோய் மேல்பக்கமும் நடுவுலயும்தான் கூட இருக்கு, மூச்ச விட்டு எடுத்த படத்துல ஏர் ட்ராப்பிங் (காத்து உள்ளயே மாட்டிக்கறது) இருக்கு, உங்க ரிப்போர்ட்டு ஒட்ட மாட்டேங்குதேன்னார். திரும்பி வந்து 4எக்ஸ்ல உக்காந்தேன். ப்ளூரா ஓரத் தழும்ப மட்டும் பாத்தவ, அதுலேந்து ஒரு பாலம் நேரா ப்ராங்கியோலுக்குப் போறதப் பாக்கவே இல்ல. பீஸு பதிச்ச மெழுகு ப்ளாக்க எடுத்து டீப்பர் கட் போடச் சொன்னேன், மூணாவது லெவல்ல ஒரே ஒரு ஜெயன்ட் செல்லு, உள்ள கொலஸ்ட்ரால் பிளவு. செஸ்ட் டாக்டர் அவர திரும்பக் கூப்பிட்டு, தம்பிய வச்சு ஒரு மணி நேரம் பேசினப்பதான் கொட்டகைப் பரண் பூரா வைக்கோல், விடிகாலைல மாட்டுக்கு உருவிப் போட்டா அன்னிக்கு சாயங்காலமே குளுரும் இருமலும்னு வந்துச்சு. கேஸ் ஷீட்டுல தொழில் விவசாயம்னு ஒத்த வார்த்தைதான் எழுதியிருந்துச்சு. அன்னிலேந்து ஃபைப்ரோடிக் ஸ்லைடு எது வந்தாலும் மூணு லெவல் வெட்டாம நான் யூஐபின்னு எழுதறதில்ல.

க்ரானுலோமா தெரிஞ்ச உடனே டிபி மாத்திரை ஆரம்பிக்கிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு, டிபி இருக்கற ஊரு, தப்புச் சொல்ல முடியாது. ஆனா பிரிச்சுப் பாக்கலாம். டிபின்னா நடுவுல கேசியஸ் நெக்ரோஸிஸ், வெண்ணெய்க் கட்டி மாதிரி பிங்க்கா உருவமே இல்லாமக் கெடக்கும், டிபி கிருமியக் காட்டற இசட்என் ஸ்டெய்ன் கட்டாயம் போடணும், பங்கஸுக்கு ஜீஎம்எஸ் ஸ்டெய்னும். சார்காய்டுன்னா உருண்டை திரண்டையா நெக்ரோஸிஸ் இல்லாத க்ரானுலோமா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, சுத்தி வளையம் வளையமாக் கொலாஜன், அது இருக்கற எடம் லிம்ஃபாட்டிக் போற வழி, அதாவது வரப்புலயும் இருக்கும் வாய்க்கால் கரையிலயும் இருக்கும், வயலுக்குள்ள மட்டும் பெருசா இறங்காது. ஹெச்பில தளர்ந்த குட்டிக் கூட்டம், வாய்க்காலோரம், சுத்திலும் செவுத்துல லிம்ஃபோசைட்டு. சார்காய்டுல க்ரானுலோமாவ விட்டுத் தள்ளிப் போனா செவுரு சுத்தமா இருக்கும். இசட்என் நெகட்டிவ்னா டிபி இல்லன்னு எழுதிறாதீங்க, கல்ச்சர் வர வரைக்கும் கதவ திறந்தே வைங்க.

ஓபிக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் ஃபோகஸுக்கும் குழப்பம் வரும், ரெண்டும் வெளிறின புதுத் தழும்பு. வித்தியாசம் எங்க இருக்குன்னா, ஃபோகஸ் செவுத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், ஓபியோட மேசான் பாடி வழிக்கு நடுவுல அடைச்சுக்கிட்டு இருக்கும். வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அடைச்சுக்கும் பாருங்க, கரை அப்படியேதான் இருக்கும், தண்ணிதான் போகாது. அதே மாதிரி ஆல்வியோலார் டக்டுக்குள்ள பாலிப்பா தொங்கிக்கிட்டு ஒரு எடத்துலேந்து அடுத்த எடத்துக்கு நீண்டு போகும், சுத்தி செவுரு கிட்டத்தட்ட நல்லா இருக்கும். சந்தேகம்னா ட்ரைக்ரோமும் எலாஸ்டிக் ஸ்டெய்னும் போட்டுப் பாருங்க, செவுரு எங்க முடியுதுன்னு தெளிவாத் தெரியும். ஓபி தானாவும் வரும், ஆனா நிமோனியாவுக்குப் பக்கத்துல, கட்டிக்குப் பக்கத்துல, மருந்தால, எல்லாத்துலயும் வரும், அதனால ஓபின்னு மட்டும் எழுதிட்டு நிறுத்திடாதீங்க, எது பக்கத்துல எடுத்த பீஸுன்னு சிடியப் பாருங்க.

டிஏடி, டிஃப்யூஸ் ஆல்வியோலார் டேமேஜ், பாத்தா விடவே முடியாது. கஞ்சி வடிச்ச பானைல உள்பக்கம் ஆடை காஞ்சு ஒட்டியிருக்கும்ல, அப்படி ஆல்வியோலை உள்செவுத்துல பளபளன்னு பிங்க் படலம், அதான் ஹையலின் மெம்ப்ரேன். முதல் ஒரு வாரம் இது இருக்கும், அப்பறம் ஃபைப்ரோபிளாஸ்ட் வந்து செவுரே தடிச்சுரும், அந்தக் கட்டத்துல பீஸு எடுத்தா மெம்ப்ரேன் துண்டு துக்காணியாத்தான் மிஞ்சியிருக்கும், தேடணும். என்எஸ்ஐபி மாதிரியே எல்லா எடமும் ஒரே வயசா இருக்கும், ஆனா ஆளு ஐசியூல இருப்பார், என்எஸ்ஐபிக்காரர் வெளிநோயாளி வரிசைல நிப்பார். காரணம் எதுவா வேணா இருக்கலாம், வைரஸ், மெத்தோட்ரெக்சேட், அமியோடரோன், களைக்கொல்லி பாரகுவாட் குடிச்சவங்க. எதுவுமே கிடைக்காட்டி அக்யூட் இன்டர்ஸ்டிஷியல் நிமோனியா, 1944ல ஹாம்மனும் ரிச்சும் நாலு கேஸ் எழுதினாங்களே அந்த வகை. கீழ பழைய யூஐபி இருக்கான்னும் பாருங்க, ஐபிஎஃப் திடீர்னு முத்திக்கிட்டு வர்றப்ப அது மேலதான் டிஏடி ஏறி உக்காரும்.

பீடி, சிகரெட் கேஸுங்க சீக்கிரம் முடியும். ஆல்வியோலைக்குள்ள பழுப்பு நிறத்துல தூள் தூளாப் பிக்மென்ட் வச்ச மேக்ரோஃபேஜ் (குப்பையத் தின்ற செல்லு) வாய்க்காலோரம் மட்டும் இருந்தா ஆர்பி ஐஎல்டி (ரெஸ்பிரேட்டரி ப்ராங்கியோலைட்டிஸ் ஐஎல்டி), வயல் பூரா ரொம்பிக் கெடந்தா டிஐபி (டெஸ்குவமேட்டிவ், அதாவது உதிர்ற, இன்டர்ஸ்டிஷியல் நிமோனியா). லீபோன்ற பேத்தாலஜிஸ்ட் 1965ல டிஐபின்னு பேரு வச்சப்ப அது செவுத்துலேந்து உதிந்த செல்லுன்னு நெனச்சுட்டார், உதிந்தது இல்ல, மேக்ரோஃபேஜ்தான், ஆனா பேரு ஒட்டிக்கிச்சு. இரும்பக் காட்டற பெர்ல்ஸ் ஸ்டெய்ன்ல லேசா நீலம் பூசின மாதிரி வரும், கொரகொரன்னு கெட்டி நீலம் வந்தா ரத்தக் கசிவு பழசா இருக்கான்னு யோசிங்க. கறுப்பா கரி மட்டும் வாய்க்கால் ஓரம் அப்பியிருந்தா, அம்மா வயசுப் பொம்பளையா இருந்தா, விறகடுப்பு எத்தன வருஷம்னு கேளுங்க. சிகரெட்காரங்களுக்கு ப்ளூராவுக்கு அடில கயிறு மாதிரி முறுக்கின பிங்க் கொலாஜன் வர்றதுண்டு, ஃபோகஸ் இருக்காது, அத யூஐபி ஆக்கிறாதீங்க. நட்சத்திரம் மாதிரி கைநீட்டின நோடியூல், காப்பிக்கொட்டை மாதிரி நடுவுல கோடு போட்ட நியூக்ளியஸ், கூட ஈயோசினோஃபில்னா லாங்கர்ஹான்ஸ் செல் நோய், சிடி1ஏன்ற மார்க்கர் ஸ்டெய்ன் போட்டு உறுதி பண்ணிக்கலாம். எல்ஐபின்னு (லிம்ஃபாய்டு இன்டர்ஸ்டிஷியல் நிமோனியா) எழுதத் தோணினா லிம்ஃபோமா இல்லன்னு ஊர்ஜிதம் பண்ணாம எழுதாதீங்க, ஷோக்ரன் (கண்ணும் வாயும் காஞ்சு போற நோய்) இருக்கான்னும் கேளுங்க. சின்ன வயசுப் பொம்பளைக்கு சிஸ்ட்டு செவுத்துல ஸ்மூத் மசில் குவிஞ்சா ஹெச்எம்பி45 ஸ்டெய்ன் போடுங்க, லாம் (லிம்ஃபான்ஜியோலியோமயோமேட்டோசிஸ்). கல்லு உடைக்கிற ஆளுக்கு வெங்காயம் அறுத்த மாதிரி சுத்திச் சுத்திக் கொலாஜன் நோடியூல்னா போலரைஸர வச்சுப் பாருங்க, சிலிகா மங்கலா மினுக்கும்.

ரிப்போர்ட்டுல ஐபிஎஃப்னு எழுதக் கூடாது, அது நம்ம எழுதற வியாதி இல்ல. யூஐபி பேட்டர்ன்னு எழுதணும், இல்ல 2018 கைட்லைன்படி ப்ராபபிள் யூஐபி, இன்டிடர்மினேட், வேற டயக்னோசிஸ், இந்த நாலுல எதுன்னு சொல்லணும். அதே யூஐபி பேட்டர்ன் ருமட்டாய்டுலயும் வரும், பழைய ஹெச்பிலயும் வரும், ஆஸ்பெஸ்டாஸிஸ்லயும் வரும், காரணமே கிடைக்கலன்னு டாக்டருங்க தேடி முடிச்ச அப்பறம்தான் அது ஐபிஎஃப். நான் எழுதற வரிசை இதுதான்: எந்த லோப், எவ்வளவு பீஸு, நோய் வரப்பா வாய்க்காலா, வயசு ஒண்ணா பலதா, என்னென்ன இருக்கு, என்னென்ன தேடி இல்ல, கடைசில கமென்ட்ல வைக்கோல், புறா, கூலர், மருந்து, மூட்டு வலி விசாரிக்கவும். கமென்ட்ட பாதிப் பேரு படிக்க மாட்டாங்க, அதனால ஃபோன்லயும் சொல்லிருவேன்.

பேஷண்ட்டு செகண்ட் ஒப்பீனியனுக்கு மெட்ராஸ் போறேன்னு ஸ்லைடு கேட்டா தாராளமாக் குடுங்க, பயாப்ஸி எடுக்கறதுக்கு முன்னாடி எடுத்த சிடி ஸ்கேனோட டிஸ்க்கையும் சேத்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, அது இல்லாம யாராலயும் முழுசாச் சொல்ல முடியாது. ப்ளாக்கு கேட்டா எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துறாதீங்க, லோப்புக்கு ஒண்ணு இங்க இருக்கட்டும், ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிக்கங்க, ஸ்லைட காகிதத்துல மடிச்சு பையில வைக்காம பிளாஸ்டிக் டப்பால போட்டுக் குடுங்க, கும்பகோணம் ரோட்டுல பஸ்ஸு குலுக்கற குலுக்குல ஒரு தடவை நாலு ஸ்லைடும் தூள் தூளாத்தான் மெட்ராஸ் போய்ச் சேந்துச்சு.